உக்ரைனிய மொழிக்கு ஒரு தாள் வேண்டும்: ஸ்லாவிய மொழித் துறைகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பேராசிரியர்களுக்கு வணக்கம்.

இந்தியாவில் ரஷ்ய மொழியையும் பிற ஸ்லாவிய மொழிகளையும் கற்பிக்கும் துறைகளுக்கு, குறிப்பாக அவற்றின் பாடத்திட்டக் குழுக்களில் இருப்பவர்களுக்கு, இதை எழுதுகிறேன். கோரிக்கை ஒன்றுதான். முதுகலைப் படிப்பில் உக்ரைனிய மொழியின் வரலாற்றுக்குத் தனியாக ஒரு தாள் வேண்டும். விருப்பத் தாளாக இருந்தாலும் சரி, ரஷ்ய மொழி வரலாற்றின் வாலாக மட்டும் அது இருக்கக் கூடாது.

நான் பேராசிரியர் இல்லை. சென்னையில் மாலை வகுப்பில் ரஷ்யன் படித்து, அப்புறம் அந்த ஆர்வத்திலேயே உக்ரைனியனையும் தட்டுத்தடுமாறிப் படித்தவள். எங்களுக்குக் கொடுத்த குறிப்பில் உக்ரைனியனுக்கு ஒரே ஒரு பத்திதான் இருந்தது. கீவ் தலைநகராக இருந்த காலத்தில் எல்லோரும் பேசியது ஒரே 'பழைய ரஷ்யன்', மங்கோலியர் படையெடுப்பால் நாடு சிதறியது, 14ஆம் நூற்றாண்டுவாக்கில் அது ரஷ்யன், உக்ரைனியன், பெலாரூசியன் என்று மூன்று கிளையானது. அவ்வளவுதான். இந்தக் கதையின் வேர்கள் பழையவை. ஆனால் நம் பாடநூல்களில் இருக்கும் வடிவத்தை உறுதியாக்கியது 1954. உக்ரைனியக் கொசாக்குகள் ரஷ்ய ஜார் மன்னரின் ஆதரவை ஏற்ற பெரெயஸ்லாவ் உடன்படிக்கையின் 300ஆம் ஆண்டு நிறைவுக்காகச் சோவியத் கம்யூனிஸ்ட் கட்சி அந்த ஆண்டு வெளியிட்ட ஆவணம், மூன்று சகோதர மக்களுக்கும் ஒரே தொட்டில் என்பதை அரசுக் கொள்கையாகவே ஆக்கிவிட்டது. ஒரு கட்சியின் தீர்மானம் அங்கே சோவியத் ஆட்சியே போன பிறகும் இங்கே மொழியியலாகப் பாடம் நடத்தப்படுவது எனக்கு வியப்பாக இருக்கிறது.

இந்தக் கதையை முதலில் இடிப்பது ஓர் ஆண்டு: 1164. அந்த ஆண்டில் படியெடுக்கப்பட்ட தொப்ரிலோ நற்செய்தியிலும், அதற்குப் பின் மேற்கு உக்ரைனின் கலீச்சியா, வொலீனியா பகுதிகளில் எழுதப்பட்ட கையெழுத்துப் படிகளிலும், எழுத்தர்கள் சில இடங்களில் 'எ' எழுதாமல் 'யாத்' என்ற வேறோர் உயிரெழுத்தைப் போட்டிருக்கிறார்கள். கண்ட இடத்தில் அப்படிப் போடவில்லை. அடுத்த அசையில் இருந்த ஒரு குறுகிய உயிர் விழுந்துபோன இடங்களில் மட்டும்தான்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பழைய ஸ்லாவிய மொழியில் நம் குற்றியலுகரத்தைப் போல மிகக் குறுகிய இரண்டு உயிர்கள் இருந்தன. சொல்லின் கடைசியிலும் இன்னும் சில இடங்களிலும் அவை படிப்படியாக ஒலிக்காமல் போயின. போகும்போது முன்னால் இருந்த எ, ஒ இரண்டையும் அவை சும்மா விட்டுவிடவில்லை. உக்ரைனியப் பகுதிகளில் அந்த எ, ஒ நீண்டு, ஒலி மாறி, பல நூற்றாண்டுகள் கழித்து 'ஈ'யில் வந்து நின்றன. இன்றைய உக்ரைனியனில் பூனைக்குக் 'கீத்', பூனையின் என்று சொல்ல 'கொதா'. முதலில் ஈ, வேற்றுமை ஏறியதும் ஒ. 'கீத்' என்பதன் கடைசியில் ஒரு காலத்தில் அந்தக் குறுகிய உயிர் இருந்தது. 'கொதா'வில் முழு உயிர் இருப்பதால் மாற்றம் நடக்கவில்லை. ரஷ்யனில் இரண்டையும் ஒகரத்தோடுதான் எழுதுகிறார்கள். ஆறு என்ற எண்ணுக்கு ரஷ்யனில் 'ஷெஸ்த்', உக்ரைனியனில் 'ஷீஸ்த்'. வடக்கே போலிஸ்ஸியா வட்டாரப் பேச்சில் இந்த மாற்றம் பாதி வழியில் நிற்பதை இன்றும் கேட்கலாம். அங்கே ஈ கிடையாது, ஈரொலிதான்.

12ஆம் நூற்றாண்டு எழுத்தர்கள் போட்ட 'யாத்', இந்தப் பயணத்தின் முதல் காலடித் தடம். மங்கோலியர் கீவ் நகரை அழித்தது 1240இல். அதற்கு 76 ஆண்டுகளுக்கு முன்பே தெற்கில் ஒலிகள் வேறு பாதையில் போகத் தொடங்கிவிட்டன. படையெடுப்பு மொழியைப் பிரித்தது என்ற வாக்கியத்தை இனி எப்படி எழுதுவது?

வேடிக்கை என்னவென்றால், 1880களில் இந்தச் சான்றைக் கண்டுபிடித்துச் சொன்ன ரஷ்ய மொழியியலாளர் அலெக்சேய் சொபொலெவ்ஸ்கி உக்ரைனியனின் தனித்தன்மையை ஏற்காதவர். பழைய கீவ் நகரத்தார் பேசியது வடக்கத்திய ரஷ்யப் பேச்சுதான், உக்ரைனியர் பின்னால் மேற்கிலிருந்து வந்து குடியேறியவர்கள் என்று வாதிட்டவர். ஆனாலும் கையெழுத்துப் படியில் கண்டதை மறைக்கவில்லை. அவருடைய முடிவுகளை விட்டுவிட்டுச் சான்றை மட்டும் எடுத்துக்கொண்டார்கள் அவருக்குப் பின்னால் வந்தவர்கள். ஆய்வு நெறி பற்றி மாணவர்களுக்குச் சொல்ல இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

வடக்கிலும் ஒற்றுமை இல்லை என்பது 1951க்குப் பிறகு தெரிய வந்தது. அந்த ஆண்டு ஜூலையில் நொவ்கொரொத் நகரில் மண்ணுக்கடியிலிருந்து பூர்ஜ மரப்பட்டையில் எழுதிய முதல் கடிதம் கிடைத்தது. இன்று அவை ஆயிரத்துக்கும் மேல். கடன் பாக்கி, கல்யாணப் பேச்சு, சாமான் பட்டியல் என்று சாதாரண ஜனங்களின் எழுத்து. அவற்றை ஆராய்ந்த அந்திரேய் ஸலிஸ்ன்யாக், மற்ற ஸ்லாவிய மொழிகளில் எல்லாம் நடந்த ஒரு ககர மாற்றம் நொவ்கொரொத் பேச்சில் நடக்கவே இல்லை என்று காட்டினார். இன்றைய ரஷ்யனே அந்த வடமேற்குப் பேச்சும் நடுப்பகுதிப் பேச்சும் கலந்து உருவானது என்பது அவர் கருத்து. ஒரே அடிமரத்திலிருந்து மூன்று கிளை என்ற படத்தை அப்படியே வைத்துக்கொள்வது கடினமாகிவிட்டது.

அதற்காக எதிர்த் தரப்பை அப்படியே பாடமாக வையுங்கள் என்று நான் கேட்கவில்லை. பொதுவான ஒரு கிழக்கு ஸ்லாவிய மொழி இருந்ததே இல்லை என்றார் உக்ரைனிய மொழியியலாளர் யூரீய் ஷெவெல்யோவ். வட்டார வேறுபாடுகளோடு அப்படி ஒன்று இருந்தது என்று சொல்பவர்களும் நல்ல ஆய்வாளர்கள்தான். இந்த விவாதம் வகுப்புக்குள் வரட்டும் என்பதே என் வேண்டுகோள்.

இடைக்காலத்தை வேகமாகத் தாண்டுகிறேன். லித்துவேனியப் பெருங்கோமகத்தின் சட்டத் தொகுப்புகள் 1529, 1566, 1588 ஆகிய ஆண்டுகளில் எழுதப்பட்டது ருத்தேனிய மொழியில். உக்ரைனியர், பெலாரூசியர் இருவரின் முன்னோரும் அலுவலகத்தில் எழுதிய மொழி அது. இரு தரப்பும் இன்று அதைச் சொந்தம் கொண்டாடுவதில் தப்பில்லை. 1556இலிருந்து 1561 வரை எழுதப்பட்ட பெரெஸொப்னித்ஸ்யா நற்செய்தி மக்கள் பேச்சுக்கு நெருங்கிய மொழியில் அமைந்தது. இன்றும் உக்ரைன் அதிபர்கள் பதவியேற்பில் அதைத்தான் வைத்துக்கொள்கிறார்கள். 1627இல் கீவில் பாம்வோ பெரிந்தா ஏறக்குறைய 7,000 சொற்கள் கொண்ட அகராதியை அச்சிட்டார். தேவாலய வழிபாட்டு மொழியான சர்ச் ஸ்லாவியத்தின் சொற்களுக்கு மக்கள் மொழியில் பொருள் சொன்ன நூல் அது. பாரிஸில் இறையியல் படித்துக்கொண்டிருந்த இவான் உஷேவிச் என்ற மாணவர் 1643இல் இந்த மொழிக்கு லத்தீனில் இலக்கணம் எழுதினார். கையெழுத்துப் படியாகவே தங்கிவிட்டது. உங்கள் பாடத்தில் இவருக்கு ஒரு மணி நேரம் கொடுத்தால் நன்றாக இருக்கும்.

1720இல் பெரிய பீட்டரின் ஆணை வந்தது. கீவ், செர்னீஹிவ் மடங்களின் அச்சகங்கள் பழைய தேவாலய நூல்களைத் தவிர எதையும் அச்சிடக் கூடாது. அவையும் ரஷ்யப் பதிப்போடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். இங்கிருந்துதான் உக்ரைனிய மொழியின் வரலாறும் அதைப் படித்த ஆய்வாளர்களின் வரலாறும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. நான் தனித் தாள் கேட்பதற்கு முக்கியக் காரணமும் இதுதான். ஒலி மாற்றங்களை ஒரு பட்டியலாகக் கொடுத்துவிட்டால் இந்த மொழியின் கதை முடிந்துவிடாது. எந்தச் சொல் அகராதியில் இருக்கலாம், எந்த எழுத்து அரிச்சுவடியில் இருக்கலாம் என்பதைப் பல தலைமுறைகளுக்கு அமைச்சகங்களும் காவல் துறையும் தீர்மானித்த மொழி இது.

1798இல் இவான் கொத்லியாரெவ்ஸ்கியின் 'எனெயிதா' பேச்சு மொழியைக் கவிதைக்குள் கொண்டுவந்தது. 1818இல் ஒலெக்சீய் பவ்லொவ்ஸ்கி இந்த மொழிக்கு இலக்கணம் அச்சிட்டபோது, மறைந்துகொண்டிருக்கும் ஒரு பேச்சின் நிழலையாவது தாளில் பிடித்து வைக்கிறேன் என்ற எண்ணத்தில்தான் எழுதினார். இருபத்திரண்டே ஆண்டுகளில் தராஸ் ஷெவ்சென்கோவின் முதல் கவிதைத் தொகுப்பு வந்துவிட்டது. மறையப் போவதாகச் சொன்ன மொழிக்குத் தேசியக் கவி கிடைத்தார். அவரையும் 1847இல் கைது செய்து படைவீரராக நாடு கடத்தினார்கள், எழுதவும் வரையவும் கூடாது என்ற நிபந்தனையோடு.

1863இல் பிலிப் மொராச்செவ்ஸ்கி என்ற ஆசிரியர் நற்செய்திகளை உக்ரைனியனில் மொழிபெயர்த்து வைத்திருந்தார். பீட்டர்ஸ்பர்க் அறிவியல் கழகம் அதைப் பாராட்டியிருந்தது. அச்சில் வரப்போகிறது என்றதும் பதற்றம் பிடித்தது. உள்துறை அமைச்சர் வலூயெவ் ஜூலையில் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார்: தனி மலோரஷ்ய மொழி (ரஷ்யப் பேரரசு உக்ரைனியனுக்கு வைத்த பெயர்) எதுவும் இருந்ததில்லை, இருக்கவில்லை, இருக்கவும் முடியாது. கல்வி அமைச்சர் கலவ்னீன் இதை எழுத்திலேயே எதிர்த்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பள்ளி நூல்களும் சமய நூல்களும் நின்றுபோயின. 1876இல் ஜார் மன்னர் இரண்டாம் அலெக்சாந்தர் ஜெர்மனியில் எம்ஸ் என்ற நீரூற்று நகரில் ஓய்வெடுத்துக்கொண்டிருந்தபோது இன்னும் கடுமையான ஆணையில் கையெழுத்திட்டார். மொழிபெயர்ப்பு கூடாது, வெளிநாட்டிலிருந்து புத்தகம் வரக் கூடாது, நாடகம் கூடாது, இசைக் குறிப்புகளுக்கு அடியில் பாட்டு வரிகூட உக்ரைனியனில் இருக்கக் கூடாது.

அதே 1876இல் கீவில் ஒரு புத்தகம் வெளிவந்தது: பாவ்லோ ஷித்தெத்ஸ்கி எழுதிய உக்ரைனிய ஒலி வரலாறு. எழுதியது ரஷ்யனில், தலைப்பில் 'மலோரஷ்யக் கிளைமொழி' என்றே இருந்தது, அதனால் தடை இல்லை. இந்த மொழியைப் பற்றி எழுதலாம், இந்த மொழியில் எழுதக் கூடாது. கார்கிவ் பல்கலைக்கழகத்தின் ஒலெக்சாந்தர் பொதெப்னியாவும் அப்படித்தான் எழுதினார். அவர் பெர்லினில் சமஸ்கிருதம் படித்தவர். சொல்லுக்கும் சிந்தனைக்கும் உள்ள உறவைப் பற்றி அவர் எழுதியதை உங்கள் துறைகள் இன்றும் 'ரஷ்ய மொழியியல்' என்ற தலைப்பின் கீழ் நடத்துகின்றன. கொஸ்தியாந்தின் மிஹால்ச்சுக் ஒரு பீர் ஆலையில் வேலை பார்த்துக்கொண்டே உக்ரைனிய வட்டார வழக்குகளை முதன்முதலாக முறையாக வகைப்படுத்தி வரைபடம் தந்தார். பல்கலைக்கழகப் பதவி எதுவும் அவருக்கு இல்லை.

இல்லாத மொழியை எண்ணவும் எண்ணினார்கள். 1897 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மலோரஷ்யனைத் தாய்மொழி என்று பதிந்தவர்கள் 2 கோடியே 23 லட்சத்துக்கும் மேல். 1905இல் ஃபொர்த்துனாத்தொவ், ஷாஹ்மாத்தொவ் போன்ற ரஷ்யாவின் தலைசிறந்த மொழியியலாளர்கள் இருந்த அறிவியல் கழகக் குழு, தடைகளை நீக்க வேண்டும் என்று அறிக்கை கொடுத்தது. ரஷ்ய மொழியியலின் பெருமைக்குரிய தருணங்களில் ஒன்று அது. ரஷ்யத் துறைகள் அதைச் சொல்லிக்கொடுக்கத் தயங்க வேண்டியதே இல்லை. இரண்டு ஆண்டுகளில் பொரிஸ் ஹ்ரின்சென்கோவின் நான்கு தொகுதி அகராதி வெளிவரத் தொடங்கியது, 68,000 சொற்கள்.

எல்லைக்கு அந்தப் பக்கம், ஆஸ்திரிய ஆட்சியில் நிலைமை வேறு. 1848லேயே லிவீவ் பல்கலைக்கழகத்தில் ருத்தேனிய மொழிக்கு இருக்கை கிடைத்தது. வியன்னாவில் ஃபிரான்ஸ் மிக்லோசிச் தன் ஸ்லாவிய ஒப்பிலக்கணத்தில் இதைத் தனி மொழியாகவே எடுத்துக்கொண்டார். கிழக்கில் தடைபட்ட புத்தகங்கள் பல அங்கேதான் அச்சாயின.

1920களைப் பற்றி எழுத எனக்குத் தனி மடலே வேண்டும். 1918இல் தொடங்கிய உக்ரைன் அறிவியல் கழகத்தின் செயலாளர் அஹதான்ஹெல் கிரிம்ஸ்கி. கிரீமியத் தாத்தார் மூதாதையர் வழிவந்தவர், அரபி, துருக்கி, பாரசீகம் என்று பல மொழிகள் அறிந்தவர். இருபதுகளின் முதல் பாதியில் வ்ஸெவொலோத் ஹன்ட்ஸொவ் வட்டார வழக்குகளை வகைப்படுத்தி, வடக்கு, தெற்கு என்ற இரண்டு பேச்சுக் குழுக்களின் சேர்க்கையில் உக்ரைனியன் உருவானது என்று காட்டினார். அறிவியல் மொழிக்கென்றே ஒரு நிறுவனம் அமைத்து, கணிதம், மருத்துவம், பொறியியல் என்று துறைதோறும் கலைச்சொல் அகராதிகள் போட்டார்கள். 1927இல் கார்கிவில் எழுத்துமுறை மாநாடு கூடியது. சோவியத் உக்ரைனியரும் போலந்து ஆட்சியில் இருந்த கலீச்சியர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து, சண்டை போட்டு, ஒரு சமரசத்துக்கு வந்தார்கள். அதன் பயனாக வந்த 1928 எழுத்துமுறையை அமைச்சர் ஸ்க்ரிப்னிக் கையெழுத்திட்டு நடைமுறைப்படுத்தினார்.

பிறகு நடந்ததை ஆண்டு வரிசையில் சொல்கிறேன், விளக்கம் தேவைப்படாது. 1930இல் கார்கிவ் ஒபரா அரங்கில் ஒரு வழக்கு. புனைந்த ஒரு சதிக் குழுவின் பெயரில் 45 பேர் குற்றவாளிக் கூண்டில். அதில் ஹன்ட்ஸொவும் உண்டு, கழகத்தின் பெரிய அகராதியைத் தொகுத்துக்கொண்டிருந்த செர்ஹீய் யெஃப்ரேமொவும் உண்டு. யெஃப்ரேமொவ் சிறையிலேயே இறந்தார். அந்த அகராதியின் கடைசித் தொகுதி வெளிவரவே இல்லை. 1933 ஜூலையில் ஸ்க்ரிப்னிக் தன்னைத்தானே சுட்டுக்கொண்டார். அதே ஆண்டு எழுத்துமுறையை ரஷ்யனுக்கு நெருக்கமாகத் திருத்தினார்கள். ககரத்தின் மெல்லோசையைக் குறித்த 'ґ' எழுத்து அரிச்சுவடியிலிருந்தே நீங்கியது. 1934, 35இல் அச்சான கலைச்சொல் அறிக்கைகள் எந்தச் சொல்லை நீக்கி எந்தச் சொல்லை வைக்க வேண்டும் என்று பட்டியல் போட்டன; வைத்தவை பெரும்பாலும் ரஷ்யச் சொல்லை ஒத்தவை. 1928 எழுத்துமுறையின் முக்கிய ஆசிரியர் ஒலெக்ஸா சின்யாவ்ஸ்கியை 1937இல் சுட்டுக் கொன்றார்கள். கிரிம்ஸ்கி 1942இல் கஸாக்ஸ்தான் சிறையில் இறந்தார், எழுபத்தொரு வயதில்.

இந்தியத் துறைகள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொரு பெயர் பாவ்லோ ரித்தர். கார்கிவில் சமஸ்கிருதம் கற்பித்தவர், காளிதாசரையும் தாகூரையும் உக்ரைனியனில் பெயர்த்தவர். 1938இல் கைதாகி அடுத்த ஆண்டே காவலில் இறந்தார். அவருக்கு முன்பே கவிஞர் லேஸ்யா உக்ராயின்கா ரிக்வேதப் பாடல்கள் சிலவற்றை உக்ரைனியனில் தந்திருக்கிறார். நம் துறைகளுக்கும் அந்த மொழிக்கும் தொடர்பே இல்லை என்று யாராவது சொன்னால் இந்த இருவரையும் காட்டுங்கள்.

போருக்குப் பிந்தைய சோவியத் காலத்தை வெறும் இருட்டு என்று ஒதுக்கிவிடவும் கூடாது. 1970இலிருந்து 1980 வரை வந்த 11 தொகுதி அகராதியில் 1 லட்சத்து 34 ஆயிரம் சொற்கள் இருக்கின்றன. எதை விட்டார்கள் என்று பார்த்துப் பயன்படுத்தினால் இன்றைக்கும் அதுதான் கைநூல். மூன்று தொகுதி மொழி நிலப்படத்தின் முதல் தொகுதி 1984இல் வந்தது, கடைசித் தொகுதி 2001இல். ஊர் ஊராகப் போய்க் கேட்டு எழுதிய வேலை அது. அதற்கு எந்தக் கொள்கையும் தடையாக இருக்கவில்லை. 'ґ' எழுத்து 1990இல் திரும்பி வந்தது.

ஒலி வரலாற்றில் இதுவரை யாரும் தாண்டாத நூல் கிடைத்தது வெளிநாட்டிலிருந்துதான். ஷெவெல்யோவ் ஜெர்மன் வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்தவர், தந்தை ஜார் மன்னரின் தளபதி. உக்ரைனியன் அவர் தானாகத் தேர்ந்துகொண்ட மொழி. கார்கிவில் படித்து, போரின்போது மேற்கே போய், நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். அவருடைய ஒலி வரலாறு 1979இல் ஹைடல்பெர்க்கில் ஆங்கிலத்தில் அச்சானது. உக்ரைனிய மொழிபெயர்ப்பு வந்தது 2002இல், அவர் இறந்த ஆண்டில். 2013இல் கார்கிவில் அவருடைய நினைவுப் பலகையை உடைத்தார்கள். ஜெர்மன் ஆக்கிரமிப்பில் அங்குள்ள பத்திரிகைகளில் எழுதினார் என்பது குற்றச்சாட்டு. அந்தச் சர்ச்சையையும் மாணவர்கள் படிக்கட்டும். 12ஆம் நூற்றாண்டுக் கையெழுத்துப் படியை அவர் வாசித்த விதம் அதனால் செல்லாததாகிவிடாது.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். உக்ரைனியன்தான் உலகின் ஆதி மொழி, சமஸ்கிருதமே அதிலிருந்து வந்தது என்று சொல்லும் நூல்களும் காணொளிகளும் நிறைய உலவுகின்றன. 'வெலெஸ் நூல்' என்ற போலி ஏட்டை ஆதாரம் காட்டுபவர்களும் உண்டு. மொழி வல்லுநர்கள் அதைப் போலி என்று எப்போதோ நிறுவிவிட்டார்கள். தமிழ்நாட்டில் வளர்ந்தவளுக்கு இந்த ஆசை எங்கிருந்து வருகிறது என்று சொல்லித் தர வேண்டியதில்லை. 'கிளைமொழிதான்' என்று அலுவலகம் அடித்துச் சொன்ன இடத்தில் 'ஆதி மொழி' என்ற குரல் எழத்தான் செய்யும். இரண்டையும் வகுப்பில் சான்றோடு மறுக்கத் தெரிந்த மாணவர் தேவை.

இனி நடைமுறைக்கு வருவோம். புத்தகம் இல்லை என்ற காரணம் செல்லாது. ஹ்ரின்சென்கோ அகராதி, கழகத்தின் முடியாத அகராதி, 11 தொகுதி அகராதி எல்லாமே இணையத்தில் இலவசம். ஷெவெல்யோவின் நூல் ஆங்கிலத்தில் இருப்பதால் நம் மாணவர்களுக்குச் சிரமம் குறைவு. ரஷ்யன் தெரிந்தவர்கள் ஒரு பருவத்தில் உக்ரைனியனை வாசிக்கும் அளவுக்குக் கற்றுவிடலாம். பேசுவதற்குத்தான் நாள் பிடிக்கும். ஆசிரியருக்கு எங்கே போவது என்பீர்கள். போரால் இடம்பெயர்ந்த உக்ரைனிய மொழியாசிரியர்கள் பல நாடுகளிலிருந்து இணையவழியில் பாடம் எடுக்கிறார்கள். வருகைதரு ஆசிரியராக ஒருவரை ஒரு பருவத்துக்கு அழைக்க அதிகச் செலவு ஆகாது.

மாணவர்களும் கிடைப்பார்கள். 2022 வரை நம் ஊர்ப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் வின்னித்ஸ்யா, தெர்னோபில், கார்கிவ் என்று மருத்துவம் படிக்கப் போனார்கள். பாடம் ஆங்கிலத்தில் என்றாலும் வார்டில் நோயாளியிடம் பேச உள்ளூர் மொழி வேண்டியிருந்தது. அவர்களில் சிலர் மொழியை அரைகுறையாக விட்டுவிட்டு வந்த வருத்தத்தில் இருக்கிறார்கள். மாலை நேரத்தில் ஒரு சான்றிதழ் வகுப்பு திறந்தால் முதலில் விண்ணப்பிப்பது அவர்களாகத்தான் இருக்கும்.

முதல் ஆண்டு நான்கைந்து பேர் சேர்ந்தாலே போதும். சேர்க்கை குறைவு என்று காரணம் காட்டி இரண்டாம் ஆண்டே அந்தத் தாளைத் தூக்கிவிடாதீர்கள். குறைந்தது மூன்று தொகுதி மாணவர்கள் படித்து முடிக்கும் வரை அதை வைத்திருப்போம் என்று பாடத்திட்டக் குழுவின் தீர்மானத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ரஷ்யன் வழியாக உக்ரைனியனுக்குப் போன ஒரு வாசகி
சென்னை